மெஷின் நின்றால்தான் பேச்சு

நாடகம் எழுத உட்காரும்போது நான் முதலில் தேடுவது கதையை அல்ல, என் பாத்திரங்கள் எங்கே நின்று பேசுவார்கள் என்பதைத்தான். மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லாவில் இருப்பவனுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால், கதை இருந்தால் மட்டும் காட்சி வந்துவிடுவதில்லை.

இப்போது எழுதும் நாடகத்தில் ஒரு மகன் அப்பாவிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். அவருக்கு வேலை ஓய்வு வருகிறது, தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் காலம் என்றால் சுலபம். பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே பேசலாம். கைக்குத்தான் வேலை. இன்று நிரையின் இரு பக்கமும் ஆளுக்கு ஒரு பிடியாகக் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்து நடக்கிறார்கள். அந்த இரைச்சலில் மனம்விட்டுப் பேச வழியில்லை. மெஷின் நிற்க வேண்டும். யார் நிறுத்துவது, என்ன சொல்லி நிறுத்துவது?

இந்தக் கேள்விதான் காட்சியைக் கொடுத்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று மகன் நிறுத்துகிறான். அப்பா மெஷினை ஆட்டிப் பார்க்கிறார். உள்ளே பெட்ரோல் தளும்புகிறது. ஒன்றும் சொல்லாமல் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். தளும்பும் சத்தம் பார்ப்பவர்களுக்குக் கேட்காது. அது அப்பாவாக நடிப்பவரின் முகத்தில் தெரிய வேண்டும். அதனால் அந்த முகம் யாருடையது என்று தெரியாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுத என்னால் முடியாது.

நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் எனக்கு நெருக்கமாவது இங்கேதான். இன்னொரு நாடகாசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர் கம்பெனிகளுக்காக எழுதினார். பாட்டும் வசனமும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக வேண்டிய அரங்கம் அது. முதலியாரின் சுகுண விலாச சபை 1891-இல் சென்னையில் பிறந்தது; அது வேறு வேலை பார்த்துக்கொண்டே மேடையேறியவர்களின் சபை. ரங்கவடிவேலு போன்ற தம் நடிகர்களை மனத்தில் நிறுத்தியே அவர் பாத்திரங்களை எழுதினார். எங்கள் நடிகர்களும் தோட்டத்திலும் காய்கறிக் கொல்லையிலும் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள் மூச்சுக்கு அடங்காத வசனத்தை எழுத எனக்கு உரிமை கிடையாது.

மூச்சு என்றதும் மழையைச் சொல்ல வேண்டும். இங்கே தகரக் கூரையில் மழை இறங்கினால் வாக்கியத்தின் கடைசிச் சொல் போய்விடும். தமிழில் வினை நிற்பதோ கடைசியில். நடிகரின் குரல் தாழ்வதும் அங்கேதான். "வீட்டக் காலி பண்ணணுமாம்" என்றால் வீடு கேட்கும், என்ன ஆகப்போகிறது என்பது கேட்காது. "காலி பண்ணணுமாம்ப்பா, வீட்ட" என்று மாற்றினேன். மனசு கலங்கினால் நாம் அப்படித்தானே பேசுகிறோம்!

அப்பாவின் பதிலுக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒத்திகைக்குப் பிறகு "எப்ப?" என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டேன். அதைக் கோபமாகக் கேட்பதா, களைப்பாகக் கேட்பதா, முன்பே தெரிந்தவர்போலக் கேட்பதா என்று நடிப்பவரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பே தெரிந்தவர்போல என்பது அவர் கட்சி. எனக்கும் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.