இலேசான துப்பாக்கியின் கனமான உதை

புதிதாகத் துப்பாக்கி உரிமம் எடுக்கும் தம்பிமார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இலேசா, கட்டையா எது கிடைக்கும்ணே?" என்பதுதான். புக்கிட் ரோத்தானில் எங்கள் துண்டு நிலத்துச் செம்பனையைக் காக்க உரிமம் கேட்டு நின்றபோது என் மனத்தில் இருந்த கேள்வியும் அதுதான்.

இளஞ்செம்பனைக்குக் காட்டுப்பன்றி கொடிய பகை. கன்றின் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டால் அந்தக் கன்று பிழைக்காது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917இல் எங்கள் கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில்தான் தொடங்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பன்றிக் காவல் புதிதல்ல. வெயிலில் வரப்பு வரப்பாக நடப்பவனுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். அதனால் குழல் குட்டையான, இரண்டரைக் கிலோ எடையுள்ள, ஒற்றைக் குழல் 12 போர் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். பன்றிக்கென்று கனமான தோட்டாவையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் தோள் சொன்னது. கணக்கு பின்னால்தான் புரிந்தது. ரவையும் வெடிவாயுவும் முன்னே பாயும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே வருகிறது. தோட்டா மாறாதபோது, துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதையின் ஆற்றல் கூடும். மூன்றரைக் கிலோ துப்பாக்கி தருவதைவிட இரண்டரைக் கிலோ துப்பாக்கி 40 விழுக்காடு அதிகமாக உதைக்கும். தோட்டாவில் 28 கிராம் ரவைக்குப் பதில் 36 கிராம் ஏற்றி அதே வேகத்தில் அனுப்பினால், உதை ஏறத்தாழ 60 விழுக்காடு கூடும். இலேசான துப்பாக்கியில் கனத்த தோட்டாவைப் போட்டவன், இரண்டு மடங்குக்கும் மேலான உதையைத் தோளில் வாங்குகிறான். 20 போர் சிறியது, மென்மையானது என்று நினைப்போரும் உண்டு. அதன் துப்பாக்கிகளும் எடை குறைந்தவை. அதனால் நினைத்த அளவு சுகம் கிடைப்பதில்லை.

தோளில் பட்ட நீலம் சில நாளில் மறைந்துவிடும். மனத்தில் விழுந்த அச்சம் அப்படிப் போகாது. சுடும் திடலில் தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கினார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தோட்டாவைப் போட்டாரா, வெற்றுக்கூட்டைப் போட்டாரா என்று காட்டாமல் துப்பாக்கியை மூடித் தந்தார். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் நுனி சட்டென்று கீழே தாழ்ந்தது, கண்ணும் மூடிக்கொண்டது. உதை வருமுன்பே என் உடம்பு அதைத் தடுக்கப் போயிருந்தது.

பெரியவர் சொன்னார்: "தம்பி, கனமான துப்பாக்கின்னா கைதான் வலிக்கும். கீழ இறக்கி வச்சா சரியாப் போயிடும். உதைக்கு மனசு பயந்துட்டா, அதை எங்க இறக்கி வைப்ப?"

அந்தத் தாழ்ந்த நுனிதான் காட்டில் ஆபத்து. நெஞ்சுக்குப் போகவேண்டிய ரவை காலில் படும். காயப்பட்ட பன்றி புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். தேடிப் போகிறவன்மேல் திரும்பிப் பாயவும் செய்யும். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளை நாளிதழில் படித்திருக்கிறோம். பழக்குலை வெட்டுகிறவர்களும் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களும் நடமாடும் இடத்தில், விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுகிறவனுக்கு வேலையில்லை.

எனக்குத் தீர்வு மூன்று வழியில் வந்தது. முதலாவது, எடை. முறைப்படி உரிமத்தை மாற்றிக் கனமான, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்குப் போனேன். வெடிவாயுவில் இயங்கும் வகை உதையைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது; ஒரே இடி, தள்ளலாக மாறுகிறது. அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் ஆங்கிலேயப் படைகள் வைத்திருந்த பிரௌனிங் ஆட்டோ-5 வேறு வகை. அதன் குழலே பின்வாங்கி வரும். இலேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரியும் கனத்ததற்கு வேறு மாதிரியும் உராய்வு வளையத்தை மாற்றி வைக்கவேண்டும். மாற்றாமல் கனத்த தோட்டாவைச் சுட்டால் தோளும் வருந்தும், துப்பாக்கியும் தேயும்.

இரண்டாவது, தோட்டா. போதுமான அளவுக்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். குழலில் பொறித்துள்ள அறை நீளத்தையும் பார்க்கவேண்டும். தோட்டாவின் நீளத்தை, வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள அளவாகக் குறிக்கிறார்கள். அதனால் 76 மில்லிமீட்டர் தோட்டா 70 மில்லிமீட்டர் அறைக்குள் நோகாமல் நுழைந்துவிடும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மூன்றாவது, பொருத்தம். பின்கட்டை கைக்கு நீளமாக இருந்தால் தோளின் குழியில் உட்காராமல் புயத்தில் இடிக்கும். கட்டையின் முனையில் நல்ல ரப்பர் மெத்தை வைத்து, தோளோடு இறுக்கிப் பிடித்துச் சுட்டால், அதே தோட்டா வேறு தோட்டாவாகத் தெரியும்.

உரிமத்துக்குள் கிடைக்கும் தோட்டாக்கள் எண்ணி வைத்தவை. ஆசைதீரப் பழக வழியில்லை. ஆகவே தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: நடக்க இலேசானதைத் தேடாதீர்கள், அஞ்சாமல் சுடக் கூடியதை எடுங்கள். மிதமான தோட்டாவோடு, இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய், தெளிவாகப் பார்த்துச் சுடுங்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் குழலைத் தாழ்த்தி, தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். கன்றை மறுபடி நடலாம்.