சாப்பாட்டுக் கடைக்குப் பூட்டுப் போடும் நேரம்

தோட்டத்தில் நம் நேரத்தை விடியற்காலைப் பெரட்டு சொல்லிவிடும். கோலாலம்பூர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நேரம் சொல்வது யார்? முதலாளி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், முதலாளிக்கே நேரம் சொல்பவை இரண்டு உண்டு: ஒன்று அக்கம்பக்கத்து மனிதர்கள், மற்றொன்று கூலிக் கணக்கு.

முதலில் மனிதர்களைப் பாருங்கள். லெபோ அம்பாங் பக்கம் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த இடம். மதியம் கூட்டம் அலைமோதும்; அலுவலகம் விட்டதும் தெரு அடங்கிவிடும். பிரிக்பீல்ட்ஸ் அப்படியல்ல. ரயில் நிலையம், கோயில்கள், அடுக்குமாடி வீடுகள் என்று இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு. மாமாக் கடைகளுக்கோ எல்லா இனத்தவரும் வருவார்கள். டாக்சி ஓட்டுபவர், காவல்காரர், தாதி என இரவு வேலைக்காரர்களும் வருவார்கள். நோன்பு மாதத்தில் விடியுமுன் உண்ண வருவோரும் உண்டு.

கூட்டம் இருந்தால் மட்டும் போதுமா? கூலி கட்டுப்படியாக வேண்டுமே! வாரத்துக்கு 168 மணி நேரம். 2023 ஜனவரியில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இரவு பகலாகத் திறந்திருக்கும் கடையில் ரொட்டிக் கல்லின் முன் எப்போதும் ஒருவர் நிற்க, முன்பு மூன்றரை ஆள் போதும். பிறகு ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆள் வேண்டியதாயிற்று.

2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதாவது மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இரவில் நான்கு பேர் எட்டு மணி நேரம் நின்றால் கூலி மட்டும் 279 வெள்ளி. தே தாரிக் ஒரு குவளை 2 வெள்ளி என்று வைத்தாலும், 140 குவளை விற்றால்தான் அந்தக் கூலியே தேறும். பால், சீனி, எரிவாயு, வாடகை எல்லாம் வேறு.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அந்தக் கடைகளில்தான் வேலை செய்கிறார்கள். கடையை முன்னதாகச் சாத்தினால் அவர்களுக்கு ஓவர்டைம் காசு குறையும். சாத்தாமல் ஆளைக் குறைத்தால், இருவர் வேலை ஒருவர் தலையில் விழும்.

ஆகவே, பிள்ளை கடை வேலைக்குப் போகிறேன் என்றால், சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஓய்வு நாள் எது, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு உண்டா, சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூலியின் அருமை நமக்குத் தெரியாததா?