திரும்பும் இடம்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். "காட்டுக்குள்ள ஒரு நாள் நடக்கணும்டா" என்றாள்.

சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பெரும்பாலும் நிழல், பெரிய ஏற்றம் இல்லை. ஈஸிதான். ஆனா யாருக்கு?

வரைபடத்தைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. வட்டப்பாதையில் பாதி வந்துவிட்டால் முன்னே போவதும் திரும்புவதும் ஒரே தூரம். நடுவே மரங்களுக்கு மேல் 250 மீட்டர் தொங்குபாலம், ஒருவழி. கால் வைத்தபின் வலிக்குதுன்னு திரும்ப முடியாது. தாண்டினால் படிகள்.

அதனால் என் திட்டம் இது: நீர்க்கரையோரப் பலகைப்பாதையில் முக்கால் மணி நேரம், அதே வழியில் திரும்பல். காலை ஏழுக்கே கிளம்பினால் மதிய இடிமழைக்கு முன்னால் வந்துவிடலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சாப்பாடு முதுகுப்பைக்குள், கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு பிடுங்கிவிடும். நாள், திங்கள்.

"ஏன் திங்கள்?"

"லீவும்மா."

"அன்னைக்குப் பாலம் மூடியிருக்கும், அதானே?"

பதில் சொல்லவில்லை.

"பத்துமலையில உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு 272 படி ஏறினேன். எங்க முடியலையோ அங்க உட்கார்ந்தேன். எங்க உட்காரணும்னு யாரும் எனக்குச் சொல்லல."

லீவைச் செவ்வாய்க்கு மாற்றினேன். பாலத்துக்குப் பிரியும் இடம் வரை போவோம். அதற்குமேல் அம்மா சொல்வாள்.