தூரினிக் கணவாயின் பனிச்சாலை

மோட்டார் விஷயம் அறிந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். பனி கொட்டும் மலைச் சாலைக்குச் சற்றும் உதவாத வண்டி எது என்றால், பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று யோசிக்காமல் சொல்லுவார்கள். இந்த அபிப்பிராயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பிரான்ஸ் தேசத்தின் தென்கிழக்கு மூலையில், தூரினிக் கணவாயில் நாம் நேரில் கண்டோம்.

நீஸ் நகரில் ஜனவரி மாதத்திலும் ஆரஞ்சு மரங்களில் பழம் தொங்குகிறது. கடற்கரையில் ஜனங்கள் நாற்காலியில் சாய்ந்து வெயில் காய்கிறார்கள். அங்கிருந்து மலைகளுக்குள் புகுந்து ஸோஸ்பெல் என்னும் பழைய ஊரை அடைந்தால், பெவெரா நதியின் மேல் நடுவில் கோபுரம் வைத்த கல் பாலம் ஒன்று வரவேற்கிறது. 1944-ல் யுத்தத்தில் இடிந்துபோய், பிறகு திரும்பக் கட்டப்பட்ட பாலம் அது. அந்த ஊரைத் தாண்டியதும் சாலை நதியோடு சேர்ந்து குறுகிய மலைப் பிளவுக்குள் நுழைகிறது. ஓரிடத்தில் நம் தலைக்கு மேலேயே படிக்கட்டுப் பாலம் ஒன்று சாலையைக் கடந்து, குன்றின் உச்சியிலுள்ள லா மெனூர் மாதா கோயிலுக்கு ஏறிச் செல்கிறது. மூலினே கிராமத்தைக் கடந்தபின் தேவதாரு மரக் காடு, பிறகு பனி. கணவாயின் உயரம் 1,607 மீட்டர்.

நம்மை அழைத்துச் சென்ற பிரெஞ்சு நண்பர் நீஸில் கணிதம் போதிப்பவர். அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற ஆஸ்தி ஒரு பழைய போர்ஷ் 911. பெட்டி வைக்க வேண்டிய பின்புறத்தில் எஞ்சினும், எஞ்சின் இருக்க வேண்டிய முன்புறத்தில் பெட்டி வைக்கும் இடமுமாக அமைந்த விபரீத வண்டி! குளிருக்கு வரும் வெப்பக் காற்றிலே எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது. சக்கரம் வழுக்கினால் தானே உணர்ந்து தடுக்கும் மின்சாரக் கருவிகள் இக்காலத்து மோட்டார்களில் உண்டு. இதில் ஒன்றும் கிடையாது. ஆனால் டயர் விஷயத்தில் மட்டும் நண்பர் கடுகளவும் சிக்கனம் பார்க்கவில்லை. 2021 நவம்பரிலிருந்து பிரான்ஸின் மலைப் பிரதேசங்கள் பலவற்றில், நவம்பர் முதல் தேதி தொடங்கி மார்ச்சு முடிய, குளிர்கால டயராவது சங்கிலியாவது வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவரிடம் இரண்டும் இருந்தன. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகிக் கட்டை போலாகிவிடும். குளிர்கால டயரின் ரப்பரோ இளகியே இருக்கும். அதன் மேல் கீறியிருக்கும் நுண்ணிய வெட்டுக்களில் பனி புகுந்து ஒட்டிக்கொள்ளும். பனியைப் பனிதான் பிடிக்கும் என்பது மலைவாசிகள் கண்ட சூக்ஷ்மம்.

இந்தக் கணவாய்க்கு ஒரு சரித்திரம் உண்டு. 1911-ல் தொடங்கிய மாண்டி கார்லோ மோட்டார் பந்தயம் பல வருஷங்களில் இதன் வழியாக இரவிலே நடந்தது. விளக்குகளின் ஒளி இருட்டைக் கிழித்துச் சென்றதால் அதற்கு 'நீண்ட கத்திகளின் இரவு' என்று பெயர் வந்தது. 1968-ல் இங்கிலாந்துக்காரரான விக் எல்ஃபோர்டு ஜயித்தது நம் நண்பருடைய வண்டியின் மூத்த சகோதரம் ஒன்றில்தான். அதே பந்தயத்தில், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சாலையில் வாரி எறிந்த பனியில் வழுக்கி ஜெரார் லாரூஸின் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. பிறருடைய உயிரை வைத்து வேடிக்கை பார்க்கும் இந்தக் குணம் எந்தத் தேசத்துக்கும் சொந்தமல்ல போலும்! 1973-ல் ஆல்பீன், 1975 முதல் 1977 வரை லான்சியா ஸ்டிராட்டோஸ் என்று, எஞ்சினை ஓட்டுகிறவருக்குப் பின்னால் வைத்துப் பின் சக்கரங்களால் ஓடிய வண்டிகளே வெற்றி பெற்றன. 1984-ல் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஔடி வண்டிகள் முதல் மூன்று ஸ்தானங்களையும் பிடித்த பிறகுதான் இவற்றின் காலம் முடிந்தது.

பனியில் இவை ஏறியதன் ரகசியம் நம் ஊர் வண்டிக்காரருக்கும் தெரிந்ததுதான். முன்பாரம், பின்பாரம் பார்த்து அவர் மூட்டை ஏற்றுவதில்லையா? எந்தச் சக்கரம் தள்ளுகிறதோ அதன் மேல் பாரம் இருந்தால் அது தரையைக் கவ்வும். எஞ்சின் முன்னாலும் விசை பின்னாலும் உள்ள வண்டியில் பின்புறம் இலேசாக இருப்பதால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகப் பின்னால் மணல் மூட்டை வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. 911-க்கு எஞ்சினே மணல் மூட்டை. மேட்டில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாய்வதால் பிடிப்பு அதிகமாகிறது. நண்பர் இரண்டாவது கியரிலே மெள்ளப் புறப்பட்டு, பூனை மதில் மேல் போவது போல் ஏறினார். வழியில் ஒதுங்கி நின்று சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த பெரிய வண்டிகளைக் கடந்தபோது நமக்குக் கொஞ்சம் கர்வமே உண்டாயிற்று.

கர்வம் கணவாயின் உச்சியோடு தீர்ந்தது. லா பொலேன் பக்கம் இறங்கும் சாலை மடிப்பு மடிப்பாக வளைந்து செல்கிறது. வெயில் பட்ட இடத்தில் காய்ந்த தார். மலை நிழலில் கண்ணாடி போன்ற பனிக்கட்டி. பந்தயக்காரர்கள் இதற்காகவே சில மணி நேரம் முன்னதாக ஆள் அனுப்பி, எந்த வளைவில் கட்டி இருக்கிறது என்று குறித்துவரச் செய்கிறார்கள். நமக்கு முன்னால் போனவர் யாருமில்லை. மேலும், ஏற்றத்தில் துணை நின்ற கனம் இறக்கத்தில் பகையாகிறது. பாரம் முன்னே சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகின்றன. வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்துபோய் விசையிலிருந்து காலைச் சடக்கென்று எடுத்தால், எஞ்சின் அந்தச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அவை பிடிப்பை விட்டுவிடும். பின்னாலுள்ள கனம் கவண் கல்லைப் போல வண்டியைச் சுழற்றிவிடும்.

நண்பர் வளைவு வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்தார். வளைவுக்குள் பிரேக்கைத் தொடவேயில்லை. அப்படியும் நாலாவதோ ஐந்தாவதோ மடிப்பில், மஞ்சள் நிறத் தபால் வண்டி ஒன்று எதிரே ஏறி வந்த அதே க்ஷணத்தில், நம் முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. ஜன்னலில் மலை இருந்த இடத்தில் பள்ளத்தாக்கு தெரிந்தது. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர். அதற்கப்பால் மரங்களின் உச்சிகள். நாம் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தோம். நண்பர் பின்புறம் எந்தப் பக்கம் ஓடிற்றோ அந்தப் பக்கமே சக்கரத்தைத் திருப்பினார்; பார்வை தபால் வண்டி மேலும் போகவில்லை, சுவர் மேலும் போகவில்லை, போக வேண்டிய சாலையின் மேலேயே இருந்தது. விசையிலிருந்து காலையும் எடுக்கவில்லை. வண்டி ஒரு தரம் தலையசைத்து நேராயிற்று. தபால்காரர் கை தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது தினசரிக் காட்சி போலிருக்கிறது.

"என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்?" என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டோம்.

"இருபத்தைந்து கிலோமீட்டர்" என்றார். நாம் எண்பது என்று எண்ணியிருந்தோம்.

லா பொலேனில் காபி சாப்பிட்டபோது, திரும்புவதற்கும் கணவாய் வழியே போகலாமா, சாயங்காலத்துப் பனியில் காடு மிக அழகாயிருக்கும் என்றார் நண்பர். கீழே வெஸுபி பள்ளத்தாக்கு வழியாக நல்ல சாலை போகிறதே என்று நாம் நினைவூட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார். இருட்டுவதற்குள் நீஸ் போய்ச் சேர்ந்தோம்.