தையல் மெஷின் போன கதை

உங்கள் வீட்டில் மாதத் தவணையில் வாங்கிய பொருள் ஏதாவது இருக்கிறதா? மோட்டார் சைக்கிளோ, குளிர்ப்பெட்டியோ, எதுவானாலும் சரி. அதன் ஒப்பந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று இப்போதே எழுந்துபோய் எடுத்துவர முடியுமா? எங்கள் வீட்டில் யாராலும் முடிந்திருக்காது. ஏனென்றால் அப்படி ஒரு தாள் எங்களிடம் இருக்கவே இல்லை.

அது 1974ஆம் ஆண்டு. போர்ட்டிக்சன் போகும் வழியில், சிலியாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்களுக்கு லயத்து வீடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பால்வெட்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து ஊற்றிவிட்டு வீடு திரும்பியதும் அம்மா தையல் மெஷின் முன் உட்கார்ந்துவிடுவாள். லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை. தீபாவளி நெருங்கினால் இரவு பன்னிரண்டு மணிக்கும் மிதிக்கிற சத்தம் கேட்கும்.

அந்த மெஷினைக் கையில் காசு கொடுத்து வாங்கினால் 320 வெள்ளி. எங்களிடம் ஏது? முன்பணம் 40 வெள்ளி, பிறகு மாதம் 15 வெள்ளி வீதம் 24 மாதம் என்று பேசி, பட்டணத்துக் கடை ஒன்றில் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கம். காட்டிய இடத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாள். நகல் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

பத்தொன்பது மாதம் தவறாமல் கட்டினாள். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. இரண்டு மாதத் தவணை நின்றது. ஒரு நாள் பிற்பகல் வேன் வந்து நின்றது.

"தம்பி, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடுறேன்ப்பா."

"நான் என்ன பண்ணட்டும்மா? தவுக்கே எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு."

மெஷினில் பாதி தைத்த பாவாடை ஒன்று இருந்தது. நூலை அறுத்து அதை மட்டும் எடுத்துக்கொண்டாள் அம்மா. லயமே வாசலில் நின்று பார்த்தது. அவள் சண்டை போடவில்லை. "கட்டலை, எடுத்துட்டாங்க. தப்பு நம்மளோடது" என்றாள். சாகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. தவணையில் வாங்குவதை மலாயில் 'சேவா பெலி' என்கிறார்கள். சேவா என்றால் வாடகை. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் நம்முடையது அல்ல, வாடகைக்கு வைத்திருக்கிறோம். ஆனால் கொடுத்தவர் நினைத்த நேரத்தில் வந்து தூக்கிப்போகவும் முடியாது. இந்த நாட்டில் தவணைமுறைக் கொள்முதல் சட்டம் 1967ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இன்று அது சொல்வதைக் கேளுங்கள். தொடர்ந்து இரண்டு தவணை நின்றிருக்க வேண்டும். அதன் பிறகு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, 21 நாளாவது பொறுத்திருக்க வேண்டும். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் தவணை கட்டியாகிவிட்டதென்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொருளைத் தொட முடியாது. ஒப்பந்த நகல் வாங்கியவருக்கும், அவருக்கு ஜாமீன் போட்டவருக்கும் கிடைத்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 320 வெள்ளியில் 75 விழுக்காடு 240. அம்மா தவணையாக மட்டும் கட்டியது 285. இன்றைய சட்டப்படி அந்த வேன் வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டும்!

இன்றைக்கு உங்கள் வாசலுக்கு யாராவது அப்படி வந்தால், அடையாள அட்டையையும் அறிவிப்புக் கடிதத்தையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சிரம்பானில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்துக்குப் போங்கள். இந்தச் சட்டம் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

நானும் தையல்காரனானேன். சிரம்பானில் சின்னக் கடை. அம்மாவின் மகன் ஆயிற்றே, வாடிக்கையாளரிடம் நேர்மையாகத்தான் நடப்பேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் கல்யாண ரவிக்கையை அளவு தப்பி வெட்டிவிட்டேன். துணி 180 வெள்ளி. "துணி சரியில்லைம்மா" என்று சமாளித்தேன். அவள் ரசீது கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் பழக்கம், ரசீது எதற்கு?

"அண்ணே, 5 வெள்ளி கட்டினாத் திரிபூனல்ல மனுப் போடலாம், தெரியுமா?" என்றாள் அமைதியாக.

தெரியாது. பிறகுதான் விசாரித்தேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றம் அது. இப்போது 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது. பெரிய கம்பெனியின் ஆளும் தோட்டத்துப் பெண்ணும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசவேண்டியதுதான். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஒன்று கவனியுங்கள்: அது வீட்டுத் தேவைக்கு வாங்குகிறவர்களுக்கான மன்றம். என்னைப் போன்ற கடைக்காரன், விற்பதற்கு வாங்கிய சரக்கு கெட்டுப்போனது என்று அங்கே நிற்க முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு என்று ஒரு முறை இருக்கிறது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி 5,000 வெள்ளி வரை, அங்கும் வக்கீல் இல்லாமல், தனி ஆளாகப் போடலாம்.

அந்தப் பெண்ணுக்குப் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். மறுநாளே கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். அதை வைக்க மேசை இழுப்பறையை ஒழித்தபோது, அம்மாவின் பழைய 555 நோட்டுப் புத்தகம் கிடைத்தது. உள்ளங்கை அளவு, மளிகைக் கடன் எழுதுவோமே, அதுதான். நடுப்பக்கத்தில் அவள் கையெழுத்தில் பத்தொன்பது வரி: தேதி, 15 வெள்ளி, தேதி, 15 வெள்ளி. எந்த வரிக்கு நேரேயும் கடைக்காரரின் முத்திரையோ கையெழுத்தோ இல்லை.