தகப்பன் பேர் என்ன?

கரீபியக் கடலில் இருக்கும் குவாதலூப் தீவிலிருந்து வேர் தேடி என்னிடம் வருகிறவர்கள், குடும்பப் பெயரைத்தான் முதலில் நீட்டுவார்கள். "வீரப்பன் குடும்பம் எங்கே?" புதுச்சேரிப் பக்கத்து எங்கள் வீராம்பட்டினத்தில் வீரப்பன்கள் உண்டு, வீரப்பன் குடும்பம் கிடையாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? கூலியாளாகக் கப்பலேறியவரின் சொந்தப் பெயரே அங்கே கொள்ளுப்பேரன் வரை ஒட்டிக்கொண்டது. இங்கே தங்கிவிட்ட தம்பியின் வாரிசுகளோ தலைமுறைக்கு ஒரு இனிஷியல் மாற்றிவிட்டார்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது, "தகப்பன் பேர் என்ன?"

1853இல் 'ஒரேலி' கப்பல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக்குக்கு இந்தியக் கூலியாட்களைக் கொண்டுபோய் இறக்கியது. மறு ஆண்டுக் கடைசியில் குவாதலூப்புக்கும். 1880களின் முடிவுக்குள் குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். அந்தத் தீவுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகர ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது.

அவற்றைக் கண்ணால் படித்தால் பிடிபடாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுதிய குமாஸ்தா, காதில் விழுந்ததைப் பிரெஞ்சு எழுத்தில் போட்டவர். ஓவும் யுவும் சேர்ந்து வந்தால் நம் உகரம். ழகரம் பிரெஞ்சுக்காரர் நாக்குக்கு வரவே இல்லை. உழவர்கரையே 'உல்காரே' ஆகிப்போனது. சிதம்பரம், 'சிதம்பரோம்'. குவாதலூப்பில் பிறந்த இந்தியர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரோமின் பெயரில் இருப்பது நம்ம சிதம்பரம்தான்.

ஊர்ப் பெயரில்தான் நான் சறுக்கினேன். ஒரு அம்மாளின் முப்பாட்டனார் பதிவில் 'புதுச்சேரி' என்றிருந்தது. தகப்பன் பெயர் முனியன். வயதும் பொருந்தியது. எங்கள் தெருவிலேயே முனியன் வழி வந்த ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வஞ்சிர மீன் குழம்பு, மடி நிறையப் பூ, அழுகை. ஆறு மாதம் கழித்து அதே ஆளின் திருமணப் பதிவு கிடைத்தது: பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் ஆண்ட இந்தியப் பகுதிகளிலும் ஆள் பிடிக்கப் பிரெஞ்சுக்காரருக்கு அனுமதி இருந்தது. புதுச்சேரி என்பது அவர் கப்பலேறிய துறை, அவ்வளவுதான். தெரிந்த விஷயம். முனியன் என்ற பெயரைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்; இந்தக் கரையில் முனியனுக்கா பஞ்சம்?

அந்த அம்மாளுக்கு உண்மையை எழுதிவிட்டேன். தெருக்காரர்களிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரமும் அந்த வீட்டுப் பெண் கடற்கரையில் மறித்துக் கேட்டது: "ஏண்ணே, அக்கா ஆடித் தேருக்கு வராங்களாமா?"