உறங்கிய காரை வாங்கலாமா?

மாடு வாங்கச் செல்பவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழியையும் பார்க்கிறான். பல்லாண்டு காலம் கொட்டிலில் நின்ற பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கச் செல்பவன் எதைப் பார்ப்பது? வர்ணத்தையும் வளைவையும் பார்த்து மயங்குவோர் பலர். நாம் அறிந்தவரையில், முதலில் விசாரிக்க வேண்டியது அது எப்படி ஓடியது என்பதை அன்று. எப்படி நிறுத்தப்பட்டது என்பதையே. ஓடித் தேய்ந்த காரைத் திருத்திவிடலாம். கவனிப்பாரற்று நின்று கெட்ட கார், உடையவனின் கைப்பொருளைக் கரைத்துவிடும்.

எமக்கு விலைக்கு வந்திருப்பது எம்.ஜி. நிறுவனத்தின் ரீ.டி. வகைக் கார். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1949 இன் இறுதி தொடக்கம் 1953 வரை இவ்வகையில் ஏறக்குறைய 30,000 கார்கள் செய்யப்பட்டன. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. சில இலங்கைக்கும் வந்தன. 1250 சி.சி. எஞ்சின், இரண்டு காபரேற்றர்கள், இருவர் அமரும் ஆசனம், முன்புறமாக மடித்துப் படுக்க வைக்கத்தக்க கண்ணாடி. பெற்றோல் அளவைக் காட்டும் மானி கிடையாது. குறைந்துவிட்டால் ஒரு சிறு விளக்கு எரியும், அவ்வளவே. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்கள் உள்ளன. 'ஸ்ரீ' எழுத்தும் அதன் பேரால் எழுந்த கிளர்ச்சியும் இந்தக் கார் பதிவானபின் வந்தவை.

கார் நிற்பது வலிகாமத்துக் கிராமம் ஒன்றில், காலஞ்சென்ற வைத்தியர் ஒருவரின் வீட்டில். அது அங்கே நின்றுபோனது 1990 இல். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட அக்காலத்தில் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில துளி பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெல்லாம் வெண்புகை, அந்த வாசனை உடுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கார்கள் ஓடியிராவிட்டால் எத்தனையோ கர்ப்பிணிகள் நேரத்துக்கு ஆஸ்பத்திரியைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் எஞ்சினுக்கு அது நல்லதன்று. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து கீழேயுள்ள எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெய் நீர்த்தால் பெயாரிங்குகள் தேயும்.

ஆகவே வைத்தியரின் துணைவியாரிடம் நாம் முதலிற் கேட்டது அதைத்தான்.

"அவர் ஒருநாளும் விடேல்லைத் தம்பி," என்றார் அந்த அம்மையார். "இதுக்கு அதைப் பருக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு, நோயாளியளைப் பாக்கச் சைக்கிளிலைதான் போய் வந்தவர்."

எந்த மெக்கானிக்கின் அத்தாட்சியும் அந்த ஒரு வசனத்துக்கு ஈடாகாது என்று எமக்குப் பட்டது. தாங்கியில் மிஞ்சியிருந்த பெற்றோலை அவர் ஒரு சொட்டும் விடாமல் வடித்திருக்கிறார். அக்காலத்தில் அது பொன்னாயிற்றே. அதனால் காருக்கும் நன்மை விளைந்தது. தேங்கிநின்ற பெற்றோல் நாளடைவிற் பிசினாகி, தாங்கி முதல் காபரேற்றர் வரை அடைத்துவிடும். பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, காரைத் தூக்கிக் கற்களின்மேல் நிறுத்தி, ஒவ்வோர் ஆயுத பூசையன்றும் சந்தனம் குங்குமம் வைத்தபின் முன்னாலுள்ள கைபிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றிவிடுவாராம். அவர் மறைந்தபின் அம்மையார் பொட்டு மட்டும் வைத்துவந்தார். சுற்றுவதற்கு அவர் கையில் வலுவில்லை.

நாமும் அவசரப்படவில்லை. பற்றறியை மாட்டி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும், கயிறு கட்டி இழுத்துப் பார்ப்பதும் இத்தகைய கார்களைக் கொன்றுவிடும் வேலைகள்; பிஸ்ரன் வளையங்கள் கறள் பிடித்து ஒட்டியிருந்தால் அங்கேயே முறியும். பிளக்குத் துவாரங்கள் வழியே மெல்லிய எண்ணெய் விட்டு நான்கு நாள் காத்திருந்து, ஐந்தாம் நாள் கைபிடியை மெதுவாக அசைத்தோம். எஞ்சின் சுற்றியது. எம்முடன் வந்த முதிய மெக்கானிக் ஒரு விசித்திரத்தையும் காட்டினார்: இந்த எஞ்சினின் ஆணிகளுக்குப் புரி மெற்றிக் அளவு, தலையோ விற்வேர்த் சாவிக்குரியது. அறியாத கை பட்டால் புரி கெட்டுவிடும்.

எஞ்சின் இப்படி, உடல் வேறுவிதம். இந்தக் காரின் தகரத்துக்குள்ளே இருப்பது மரச் சட்டம். இங்கிலாந்தின் ஆஷ் மரம் அந்நாட்டு ஈரத்தைத் தாங்கலாம். எங்கள் ஊர்க் கறையானை அது கண்டதில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்குப் போனார்கள். மறுவருடம் திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் கூரையில் ஓடுகள் போயிருந்தன. மாரி மழை உள்ளே இறங்கியிருந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த தென்னோலைகள் இடப்பக்கம் சரிந்து கறையானுக்குப் பாலம் போட்டிருந்தன. இன்று அந்தப் பக்கத்துக் கதவை மெல்லத் தூக்கினால், தாங்கும் மரத்தோடு அசைகிறது. ஸ்குறூ றைவரால் தட்டினால் வெறும் ஓட்டுச் சத்தம். வலப்பக்கம் கெட்டியாக இருக்கிறது. அடியிலுள்ள சேசிஸ் தனி இரும்பு. அதில் மேற்கறள் மட்டுமே.

பிறேக்கின் சிலிண்டர்களும் றப்பர்க் குழாய்களும் எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் மாற்றப்பட வேண்டியவை. ரயர்களும் அப்படியே, பூ தேயாத ரயர் என்று ஏமாறலாகாது, றப்பர் வயதால் இறுகிவிடும். உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் 2022 இல் ரூபாய் விழுந்தபின் அவற்றின் விலையைப் பார்க்கும்போது மனம் சோர்கிறது. மரவேலையை மட்டும் இங்குள்ள ஓடாவியார் ஒருவர் செய்வார். கெட்டியான வலப்பக்கத்தை மாதிரியாக வைத்து இடப்பக்கத்தைச் செதுக்கலாம் என்கிறார்.

எமது இல்லாள் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். மகளின் படிப்புக்கென ஒதுக்கிய காசு வேறு வங்கிப் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். ஓடாவிக்கும் மெக்கானிக்குக்கும் எந்த மாதத்திலும் அதிலிருந்து ஒரு சதமும் எடுக்கலாகாது. நியாயமான நிபந்தனை. இப்படிப்பட்ட கார்கள் பாதிவேலையோடு மறுபடியும் கொட்டிலுக்குப் போவது பெரும்பாலும் பணம் இடைநடுவில் முடிந்துவிடுவதாலேயே.

எமக்கு உறுத்தலாய் இருந்தது விலைதான். யாரோ ஒருவர் அம்மையாரிடம், "பழைய இரும்பு விலைதான் போகும்" என்று முன்னரே சொல்லியிருக்கிறார். அந்த விலைக்குத் தர அவர் ஆயத்தமாக இருந்தார். 2020 முதல் 2025 இன் தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் இந்நாட்டில் ஓட்டை வண்டிக்கும் மதிப்பு வந்துவிட்டதை அவர் அறியார். எம்.ஜி. காரைத் தேடித் திரிவோர் கொழும்பில் உண்டு என்பதையும் அறியார். விருந்தாளியாகத் தேநீர் குடித்துக்கொண்டே அந்த அறியாமையை விலையாக்கிக்கொள்ள எமக்கு மனம் வரவில்லை. கேள்விப்பட்ட விலையைச் சொன்னோம். அதிலிருந்து மரவேலைக்கும் பிறேக்குக்கும் கழித்து, எம்மாற் கொடுக்க இயன்றதையும் சொன்னோம். கூடுதலாகத் தருவோர் வரக்கூடும் என்றும் சொன்னோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "ஓடுமோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஓடும், ஆனால் ஒரு வருடமாவது செல்லும் என்றோம்.

பதிவுப் புத்தகம் இன்னமும் வைத்தியரின் பெயரில் இருக்கிறது. அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் காரிலுள்ளவற்றோடு பொருந்துகின்றன. பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், மற்றவர் இலண்டனில். இருவரும் சம்மதித்துக் கையொப்பம் அனுப்பி, சட்டத்தரணி காரியத்தை முடிக்கும்வரை பணம் கைமாறுவதில்லை என்பது உடன்பாடு. இதற்கிடையில் கொட்டிலுக்கு ஐந்து ஓடுகள் மாற்றி, ஓலைகளை அகற்றி, நிலத்துக்குக் கறையான் மருந்தும் அடித்திருக்கிறோம். கார் இன்னும் அம்மையாருடையதே.